ஒரு மில்லிமீட்டர் ரிங்

திருவொற்றியூரில் என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் அடித்துக்கொண்ட பெருமை ஒன்றுதான்: எஞ்சின் பிஸ்டனைச் சுற்றி உட்காரும் இரும்பு வளையம், அந்த பிஸ்டன் ரிங்கை விரித்து மாட்ட எனக்கு டூல் வேண்டாம், இரண்டு கட்டைவிரல் போதும். அந்தத் திமிர்தான் என் தோஸ்தைக் கவிழ்த்தது.

அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், வீடு தண்டையார்பேட்டை. லீவு நாளில் டிராக்கில் பைக் ரேஸ். அந்த வருடம் ஒரு டீம், முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இதை விட்டால் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

எஞ்சினை இறக்கி வைத்துக்கொண்டு, ரிங் எந்தத் தடிமனில் போடுவது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். ஒன்றரை மில்லிமீட்டர் ரிங் நெடுநாள் உழைக்கும். ஆனால் எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றும்போது அது படபடத்துப் பிடிப்பு விடும், கம்ப்ரஷன் கசிந்து நேர்ப்பாதையில் வண்டியின் வேகம் குறையும். ஒரு மில்லிமீட்டர் ரிங்குக்கு உரசல் குறைவு, எவ்வளவு சுற்றினாலும் சிலிண்டர் சுவரை விடாது. ஒரு மில்லிமீட்டர்தான் வேண்டும் என்று அடித்துப் பேசியவன் நான். அவன் எங்கெங்கோ சொல்லிவைத்து, அதற்கான பிஸ்டனோடு ஒரு செட் வரவழைத்தான்.

ரேஸுக்கு இரண்டு நாள் முன்பு, மேல் ரிங்கை விரலால் விரித்தேன். டிக்கென்று உடைந்தது.

வேறு செட் வரவழைக்க நேரமில்லை. போன் செய்து சொல்லியிருக்கலாம். கெட்ட வார்த்தையில் நாலு திட்டு திட்டியிருப்பான், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அலமாரியில் கிடந்த ஒன்றரை மில்லிமீட்டர் ரிங்கையும் அதன் பிஸ்டனையும் மாட்டி எஞ்சினை மூடினேன்.

“ஒரு எம்எம் தானே மாமு?” வண்டியை எடுக்க வந்தவன் கேட்டான்.

“பின்ன இன்னா?” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

நாலாவதாக வந்தான். நேர்ப்பாதை ஓரம் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். வளைவில் எட்டிப் பிடித்த ஆளை, ஒவ்வொரு சுற்றிலும் நேர்ப்பாதையில் திரும்பவும் கோட்டைவிட்டான்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்னான்: “வண்டி சோக்கா கீது மாமு. நான்தான் பயந்துட்டேன். கொய்ந்த பொறந்ததுலேர்ந்து உசுரு மேல ஆச வந்துச்சு போல. நேர்ல போறப்ப எனக்கே தெரியாம த்ராட்டில மூடி வேகத்த கொறச்சிக்கினு கீறேன்.”

நான் அவன் தோளைத் தட்டி, “வுடு” என்றேன். அதைவிடக் கேவலமாக என் வாழ்க்கையில் எதுவும் செய்ததில்லை.

அதன்பிறகு அவன் ரேஸுக்குப் போகவில்லை. போன மாதம் ஆயில் மாற்ற மகளோடு வந்தான். பட்டறையில் உட்கார்ந்திருந்த ஒருவர், ரேஸை ஏன் விட்டாய் என்று கேட்டார்.

“பயந்தாங்கொள்ளிக்கு இன்னாத்துக்குண்ணா ரேஸு?” என்று சிரித்தான். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அன்றைக்கு வேலியோரம் நின்ற எனக்குத் தெரியும். அந்த நேர்ப்பாதையில் அவன் எஞ்சின் சத்தம் ஒருமுறைகூட இறங்கவில்லை. த்ராட்டிலை அவன் மூடவேயில்லை.

“ஆயில் மாத்தியாச்சு” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.