பௌர்ணமி காலையில் நான் பார்த்த மனை

செம்மண்டலத்தில் வாடகைக்கு இருக்கும் நான், முதல் முதலீடாக ஒரு மனை வாங்க நினைத்தேன். கிள்ளைக்குப் பக்கத்தில் புரோக்கர் இரண்டு முறை காட்டிய இடம் காய்ந்து, சமமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுக்குமுன் எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றலாமென்று, பௌர்ணமி காலையில் அவரிடம் சொல்லாமல் போனேன்.

மழையில்லை, காற்றில்லை. மனை முழுவதும் தண்ணீர் சத்தமில்லாமல் நின்றது. நான்கு கற்களின் தலை மட்டும் தெரிந்தது. நான் ஹால் கட்ட நினைத்திருந்த இடத்தில் ஒரு பெண் குனிந்து, கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்.

“அமாவாசை, பௌர்ணமின்னா கடல் பொங்கி கழித்தண்ணி இங்க ஏறிடும்மா. இதுக்கு முன்னாடி இத வாங்கினவுங்க ரெண்டு பேரு இப்படித்தான் கற்பூரத்தோட வந்து நின்னாங்க” என்றார், என் கையிலிருந்த கற்பூரத்தை ஓரக்கண்ணால் பார்த்து, நிமிராமலே.

மாலையில் புரோக்கர் போன் செய்தார். “ஞாயித்துக்கெழம வாங்க மேடம், எடம் பளிச்சுன்னு இருக்கும்.”

இப்போதெல்லாம் புரோக்கர் சொல்லும் நாளில் நான் மனை பார்ப்பதில்லை.