பங்குக் கிணற்றில் எண்ணெய்

எங்கள் கிணற்றில் எண்ணெய் மிதந்த ஆண்டில் எனக்குப் பத்து வயது. அதை முதலில் கண்டது நான்தான் என்பதை வீட்டில் இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. தேநீரின் மேல் படர்ந்திருந்த மினுக்கத்தைத் தான் கண்டுபிடித்ததாகத்தான் அம்மா சொல்வார். ஆனால் அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே, வாளித் தண்ணீரில் மயில்நிறங்கள் சுழல்வதைப் பார்த்து, கிணற்றுக்குள் வானவில் விழுந்துவிட்டதென்று மூன்று வயதுத் தம்பியைத் தூக்கி வைத்துக் காட்டியவள் நான். அவன் கையை விட்டு அளைந்தான். இரண்டு நாள் கழித்து அவனுடைய கையெல்லாம் சிவந்து, சொறியச் சொறியக் கடித்தது.

அது பங்குக் கிணறு. எங்கள் வீட்டு வளவுக்கும் மாமாவின் வளவுக்கும் நடுவிலே, வேலி வந்து முட்டி நிற்கும் இடத்தில் இருந்தது. மாமா அம்மாவின் மூத்த அண்ணன். அப்பா கொழும்பில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தபடியால், எங்கள் வீட்டு ஓட்டை உடைசல் எல்லாவற்றுக்கும் அவர்தான் வருவார். ஊர் எல்லையில், பெரிய டீசல் எஞ்சின்களை வைத்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. மாமா அங்கே எஞ்சின் ஓட்டுபவர். சண்டைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் திரியை விட்டு விளக்காக்கிப் படித்த தலைமுறை அவருடையது. அந்த எஞ்சின்கள் ஓடத் தொடங்கி ஊரில் மின்குமிழ்கள் எரிந்த நாளில், ஏதோ தானே வீடு வீடாகப் போய் விளக்கேற்றியதுபோலச் சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்தாராம்.

ஆகவே, அம்மா ஒரு கோப்பையில் தண்ணீரைக் கொண்டுபோய் அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தபோது, அவர் சிரித்தார்.

"உன்ரை மிசின் ஒழுகுது பிள்ளை. வாசரை மாத்து, எல்லாம் சரிவரும்."

மிசின் என்றது கிணற்றுக் கட்டில் இருந்த எங்கள் தண்ணீர்ப் பம்பை. அன்று பின்னேரமே அம்மா திருகுசாவியை எடுத்துக்கொண்டு போய், பம்பைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்துச் சாக்கால் மூடிவிட்டார். ஒரு மாதம் கையால் அள்ளப்போவதாக அறிவித்தார். நாலு பரப்புக் காணி நிறைய நின்ற வெங்காயத்துக்கு! நானும் அவரும் மாறி மாறிக் கப்பியில் கயிறு இழுத்தோம். உள்ளங்கைகள் கொப்பளித்து, உடைந்து, காய்த்தன. தண்ணீரின் மேலிருந்த மினுக்கமோ, குறைவதற்குப் பதிலாகத் தடித்துக்கொண்டே வந்தது. புத்தூரில் இருந்த அப்பாவின் சொந்தக்காரர்கள் எங்களைத் தங்களோடு வந்து இருக்கச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். எண்ணெய் விட்டவனை எழுப்பாமல் எங்களை எழுப்புவது என்ன நியாயம் என்று கேட்டார்.

அம்மாவின் பிடிவாதம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நிலையத்தின் மின்சாரம் இனி எனக்கு வேண்டாமென்று முடிவுசெய்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினேன். அம்மா வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தார்.

"மண்ணெண்ணெய் என்ன, தென்னை மரத்திலையோ காய்க்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் கண்ணெரிச்சல் தாங்காமல் நான் சமாதானமாகிவிட்டேன். ஆனால் சுவிச்சைப் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டேன்.

இதற்கிடையில் ஒழுங்கை நெடுக மற்ற வீட்டுக் கிணறுகளிலும் எண்ணெய் தெரியத் தொடங்கியது. எங்கள் ஊரில் ஆறில்லை, குளத்து நீரை யாரும் குடிப்பதில்லை. மண்ணுக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் ஓடும் தண்ணீர்தான் எல்லோருக்கும். நிலையத்தின் பின்பக்கம் கழிவெண்ணெயைக் நிலத்தில் கிடங்கு வெட்டி ஊற்றுகிறார்கள் என்ற கதை பரவியது. அதிகாரிகள் இருவர் வந்து போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்; அதன்பின் ஒரு சொல்லும் வரவில்லை. சந்தியில் ஒரு கறுப்புத் தாங்கி வைத்து, பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். எல்லோரும் குடத்தோடு வரிசையில் நின்றோம், மாமாவைத் தவிர. அவர் தினமும் காலையில், வேலைக்குப் போகமுன், நாங்கள் பார்க்கக் கிணற்றடியில் நின்று ஒரு செம்பு நிறைய அள்ளி, அண்ணாந்து குடித்துவிட்டுப் போவார். எங்களுக்குப் பழிப்புக் காட்டவே அப்படிச் செய்கிறார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஒரு மாதம் முடிந்த அன்று அம்மா வேலியில் ஆள் நுழையுமளவுக்கு இருந்த பொட்டால் புகுந்து அவருடைய முற்றத்தில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, மிசினைக் கழட்டி ஒரு மாசம். இப்ப என்ன சொல்லுறியள்?"

"பழைய எண்ணெய் மிதக்கும்தானே. உடனை போகுமோ?"

"அப்ப ஞாயிற்றுக்கிழமை கிணத்தை இறைப்பம். அடி தெரியுமட்டும். நீங்கள்தான் இறங்கவேணும். வேறை ஆக்கள் இறங்கினால் நீங்கள் நம்பமாட்டியள்."

"ஓம், இறங்குறன்" என்றார் மாமா. பயந்தவர் சொல்வதுபோல இருக்கவில்லை.

ஞாயிறு காலை, அயலவர் தந்த இரண்டு பம்புகளைக் கிணற்றுக் கட்டில் வைக்காமல், தள்ளிப் பூவரச மரத்தடியில் வைத்து இறைத்தார்கள். ஒரு துளி எண்ணெய்கூட உள்ளே போகக்கூடாதென்று அம்மா இரண்டுக்கும் கீழே தகரம் விரித்திருந்தார். தண்ணீர் ஒழுங்கையில் பளபளத்துக்கொண்டு ஓடியது. நடுப்பகலில் அடி தெரிந்தது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தும்புத்தடியோடும் சவர்க்காரத் தூளோடும் கயிற்றில் இறங்கினார். சுவரைச் சுற்றிவரத் தேய்த்தார். கழுவிய தண்ணீரையும் வாளி வாளியாக மேலே அனுப்பினார். அப்படிக் கழுவிய கிணற்றை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. கல் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அவர் அடியில் குந்திக்கொண்டு, ஊற்றுத் திறப்பதற்காகக் காத்திருந்தார். நாங்கள் கிணற்றுக் கட்டைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வடக்குப் பக்கத்து வெடிப்பில் முதலில் ஈரம் கசிந்தது. பிறகு தண்ணீர் நூல்போல வழிந்தது. மாமா இரண்டு கைகளையும் ஏந்திப் பிடித்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். கையை உதறிவிட்டு மறுபடியும் பிடித்தார், மறுபடியும் மணந்தார். மூன்றாம் முறையும்.

அம்மா மேலிருந்து, "அண்ணை, என்ன?" என்றார்.

கிணற்றுக்குள்ளிருந்து அவருடைய குரல் பெரிதாக எழுந்து வந்தது.

"எங்கடை எண்ணெய்தான் பிள்ளை. இருவத்திநாலு மணித்தியாலமும் இந்த மணத்துக்கை நிக்கிறனான், எனக்குத் தெரியாதோ?"

நான் கைதட்டினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். வென்ற பிறகு அடி வாங்கியது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அதைவிடப் பெரிய அநியாயம் மறுநாள் நடந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் மாமா வழக்கம்போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே வேலைக்குப் போனார். போகும்போது கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. இனி யாரும் பார்க்காமல் குடிக்கப்போகிறார் என்று நான் எண்ணினேன். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் பனங்கட்டி நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் கிழமையில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாமா வேலை நேரத்தில் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயின் பூட்டிக்கொண்டிருந்தார். ஆச்சரியத்தில் என் விரதம் முறிந்துவிட்டது.

"மாமா, வேலைக்குப் போகேல்லையோ?"

"பூட்டிப்போட்டினம் பிள்ளை" என்று அவர் சிரித்தார். "இனிப் போகத் தேவையில்லை."

நான் பொட்டால் பாய்ந்து எங்கள் வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் வென்றுவிட்டோம், நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று கத்தினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே எழுந்து மாமா வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம் என்று நினைத்தேன். உடனே சந்தைக்கு ஆள் அனுப்பி நண்டு வாங்குவித்தார்.

அந்தப் போத்தல்களை மாமா குடிக்கவில்லை என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். ஒவ்வொரு காலையும் ஒரு போத்தலைக் கொண்டுபோய்ப் நிலையத்துப் பெரியவருடைய மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எஞ்சினடிக்குப் போய்விடுவாராம். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லையாம். கடைசியில் நிலையத்தின் படலைக் கதவைப் பூட்டியது அவர் ஒருவருக்கு மட்டும்தான்.

நண்டு வாங்கிய அன்று இரவு மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா கேட்காமலே அவருடைய சோற்றுக் கோப்பையில் நண்டுக்கால்களாகப் பார்த்துப் போட்டார். ஊர் எல்லையில் எஞ்சின்கள் இரைந்துகொண்டுதான் இருந்திருக்கும். என் காதில் அது விழவில்லை. அது எங்கள் வெற்றிக்கு வைத்த விருந்து என்று நினைத்து, நான் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.