நாட்டுக்கோழி மூட்டை

போன வருஷம் மாசி மாதம், ஒரு புதன்கிழமை. காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ரிசார்ட் இருக்கிறது. பேர் வேண்டாம். ஒரு பக்கம் பழைய கிராமம் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள்: கூரைக் குடிசை, கயிற்றுக் கட்டில், அரிக்கேன் விளக்கு, மாட்டு வண்டி. மறுபக்கம் ராட்டினம், சறுக்கு, தண்ணீர் விளையாட்டு என்று தீம் பார்க். நான் கூரை வீட்டில் பிறந்து, அதை விட்டு வெளியே வர முப்பது வருஷம் முதுகு ஒடிய உழைத்தவன். அப்படிப்பட்டவன் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூரைக்குள்ளே போய் உட்கார்ந்தேன். எனக்காகப் போகவில்லை, என் சிநேகிதனுக்காகப் போனேன்.

என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெருமைக்கு இல்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். கொத்தனாருக்குக் கலவை சுமந்தவன் நான். இன்றைக்கு சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றி எந்தத் தெருவில் கான்கிரீட் போட்டாலும் அடியில் முட்டுக் கொடுத்து நிற்பது பாதிக்கு மேல் என் தகடும் என் ஜாக்கியும்தான். கூரையின் நீள அகலத்தைச் சொல்லுங்கள், எத்தனை தகடு வேண்டும் என்று நின்ற இடத்தில் சொல்லுவேன். படித்த இன்ஜினியர் போனை எடுத்துக் கணக்குப் போட்டு முடிக்கிறதற்குள் என் லாரி கிளம்பிவிடும். யார் தயவும் இல்லாமல், என் கண்ணையும் என் மூளையையும் மட்டும் நம்பி மேலே வந்தவன் என்று எந்தக் கல்யாண வீட்டிலும் சத்தமாகச் சொல்லுவேன்.

சத்தமாகச் சொல்லாதது ஒன்று இருந்தது. எனக்கு வாசிக்க வராது. ரெண்டாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்துப் போடுவேன், நம்பரெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வாசி என்றால் வேர்த்துவிடும். வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும், அவள் வாயைத் திறக்க மாட்டாள். வெளியே அதற்கெல்லாம் வித்தை வைத்திருந்தேன். யாராவது காகிதத்தை நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்ப்பா, நீயே வாசி" என்பேன். வேலையாட்களிடம், "எங்க, நீ படிச்ச லட்சணத்தப் பாப்போம், வாசி" என்பேன். நாற்பது வருஷம் ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இனி என் சிநேகிதன். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறான். மைக்கில் அறிவிப்புச் செய்வதும் அவனேதான். ஆட்டோவில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டிக்கொண்டு "வாருங்கள், வாருங்கள்" என்று அவன் ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் கதவு திறக்கும். அவர்கள் முஸ்லிம், நாங்கள் வேறே, ஆனால் மீசை முளைக்கிறதற்கு முன்னாலேயே மாப்ள, மாப்ள என்று பழகியவர்கள். அவனிடம் ஒரு பழக்கம். போகிற வழியில் எந்தப் போர்டைக் கண்டாலும் வாய்விட்டுப் படிப்பான். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் படிப்பான். ஹோட்டலில் மேலேயிருந்து கீழே வரைக்கும் பலகாரப் பட்டியல் முழுவதையும் படிப்பான். ரிசார்ட்டுக்குப் போனதற்கு முந்தைய வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தான். அங்கேயும், "ரத்தம் எடுக்கும் இடம்… எக்ஸ்ரே… செருப்பைக் கழற்றவும்…" என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வருவான்.

"ஏன்டா, ஆஸ்பத்திரியிலயும் மைக் டெஸ்ட்டா? வாய மூடிக்கிட்டு வாடா" என்பேன்.

"தொழில் புத்தி மாப்ள, விடமாட்டேங்குது" என்று சிரிப்பான்.

அந்த மாசி மாதம் அவன் தொண்டையில் ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். பயப்படுகிற கட்டி இல்லை. ஆனால் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது, பேசினால் குரல் பழையபடி வராமலே போகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குரல் போனால் அவனுக்குப் பிழைப்பே போச்சு. அதனால் சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்றும் பேனாவும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் எழுதிக் காட்டினான்.

இப்போது உண்மையைச் சொல்லுகிறேன். முதல் பத்து நாள் நான் அவனைப் பார்க்கவே போகவில்லை. வேலை வேலை என்று தட்டிக் கழித்தேன். அந்த நோட்டை என் பக்கம் நீட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். கடைசியில் அவன் சம்சாரம் போன் பண்ணியது. "அண்ணே, நீங்க ஏன் வாரதே இல்ல? அவுக சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்குறாக. எங்குட்டாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்." அதற்கு மேல் எப்படி மறுக்கிறது?

காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் மட்டும்தான் பேசினேன். அவன் கை பைக்குப் போகும்போதெல்லாம் நான் ரோட்டை இன்னும் உற்றுப் பார்ப்பேன். ஆனால் நோட்டு என் பக்கம் வரவில்லை. ஜன்னலை இறக்கச் சொல்ல வேண்டுமா, கை ஜாடை. தண்ணீர் வேண்டுமா, கட்டைவிரல் ஜாடை. சரி, நமக்கு ஜாடையே போதும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் குடிசைக்குள் சாப்பாடு. மெனு கார்டு கிடையாது, சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பழக்கப்படி நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். படிக்கிறவன் ஊமையாக உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பரிமாறுகிற ஆள் வந்து நின்றார்.

"கண்ணாடிய மறந்துட்டேன். முதல்ல எழுதியிருக்கிறதுல ரெண்டு கொண்டாங்க" என்றேன் மிடுக்காக.

"ஐயா, முதல்ல 'நல்வரவு'ன்னு போட்டிருக்குங்க."

"தெரியும்ப்பா. நீ கவனமா இருக்கியான்னு பாத்தேன்" என்று சமாளித்தேன். என் சிநேகிதன் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அந்த ஆளுக்கு ஏதோ எழுதிக் காட்டினான். என் பக்கம் திரும்பி, ரெண்டு முழங்கையையும் மடக்கிச் சிறகு மாதிரி அடித்தான். கோழி வறுவல். அப்புறம் கன்னத்தில் காற்றை அடைத்து உப்ப வைத்துக் காட்டினான். வெள்ளைப் பணியாரம். அறுபத்தஞ்சு வயசு ஆள் கோழி மாதிரி இறக்கை அடிக்கிறதைப் பார்த்து அடுத்த மேஜையில் ஒரு குடும்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதத் தெரிந்தவன் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆடிக் காட்டுகிறான் என்று அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை.

சாப்பிட்டதும் அவன் தொழுகைக்கு ஒரு ஓரமாக இடம் பார்த்துப் போனான். நான் பார்க்குப் பக்கம் நடந்தேன். அங்கே இரும்புக் கோபுரம் ஒன்று. சுற்றி சீட்டு. ஆளை உட்கார வைத்து உச்சிக்குக் கொண்டுபோய் ஒரே போடாகக் கீழே விடுகிறது. இரும்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தேன், போல்ட்டைப் பார்த்தேன், வேலை சுத்தம். வரிசையில் இருந்த காலேஜ் பிள்ளைகள், "தாத்தா, நீங்களுமா?" என்றார்கள். அது போதாதா எனக்கு? "நாலு மாடி உசரத்துல ஒத்தப் பலகையில நின்னு வேலை பாத்தவன்டா நான். இதெல்லாம் எனக்குத் தொட்டில்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன். சீட்டை மூடுகிற ஆள் வடக்கத்திக்காரர். பக்கத்திலிருந்த பெரிய போர்டைக் கையால் காட்டினார். பார்த்தேன், தலையை ஆட்டினேன். கம்பியை இறக்கிப் பூட்டினார்.

அப்போதுதான் சிநேகிதன் வேகமாக வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. நெஞ்சில் தட்டித் தட்டிக் காட்டினான்.

"பயந்தா நீ கீழேயே நில்லு மாப்ள, ஒன்னய யாரும் ஏறச் சொல்லல" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

போர்டைக் காட்டினான். "படிச்சாச்சு, படிச்சாச்சு" என்றேன்.

அவன் கை பைக்குள் போனது. நோட்டை எடுத்துவிட்டான். பேனாவைத் திறந்துவிட்டான். அத்தனை பேருக்கு முன்னால் எழுதி நீட்டப் போகிறான், நான் முழிக்கப் போகிறேன். நாற்பது வருஷ மரியாதை இந்தச் சீட்டிலேயே போகப் போகிறது என்று உடம்பெல்லாம் வேர்த்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். அதை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்று, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

"கர்ப்பிணிப் பெண்கள்… இரத்த அழுத்தம் உள்ளவர்கள்… இருதய நோய் உள்ளவர்கள்… இருதய சிகிச்சை செய்துகொண்டவர்கள்… இதில் ஏறக் கூடாது."

ஊரையே கூப்பிட்ட குரல் அது. கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் எப்போதும் படிக்கிற மாதிரியேதான், தனக்குத்தானே படித்துக்கொள்கிற மாதிரி, கர்ப்பிணிப் பெண்களைக்கூட விடாமல் படித்து முடித்தான்.

போன் அடிக்கவே இல்லை, எடுத்துக் காதில் வைத்து, "ஆங், தகடு வந்து இறங்கிருச்சா? இந்தா வந்துட்டேன்" என்று கத்தினேன். கம்பியைத் திறக்கச் சொல்லி இறங்கினேன். பிள்ளைகளுக்கு நான் வேலை நிறைந்த பெரிய மனுஷனாகவே தெரிந்திருப்பேன்.

வேப்ப மர நிழலில் உட்கார்ந்து அவனுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "ஏன்டா வாயத் திறந்த? கொரலு போயிருச்சுன்னா என்னடா பண்ணுவ? சட்டையப் பிடிச்சு இழுக்க வேண்டியதுதானே?" என்றேன். அவன் என் சட்டைப் பையில் கையை விட்டு என் கண்ணாடியை எடுத்தான். ஆமாம், மறந்துவிட்டேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த கண்ணாடி, கூடு இல்லாமல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பையிலேயே துருத்திக்கொண்டு இருந்திருக்கிறது. தன் கைக்குட்டையால் துடைத்து, திரும்ப என் பையிலேயே வைத்தான்.

டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்ல அவன் சம்சாரத்துக்குப் போன் போட்டேன். "தப்பு என்மேலதாம்மா. பழக்க தோஷத்துல போர்டச் சத்தமாப் படிச்சுட்டான்" என்றேன்.

"என்னண்ணே சொல்றீக? அவுக எப்ப சத்தமாப் படிச்சாக? வீட்டுல பேப்பரக்கூட ஒதடு அசையாமத்தான் படிப்பாக" என்றது அந்தத் தங்கச்சி.

போனை வைத்தேன். பஸ் ஸ்டாண்டு, ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாம் வரிசையாக வந்து போனது. வாயை மூடு என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. கோவிலூர் நெருங்கும்போது ஒரு தோப்பு வாசலில் சின்னப் பலகை தெரிந்தது. காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். ஏன் என்று அவன் பார்த்தான். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இ…ங்…கு. நா…ட்…டு…க்…கோ…ழி…" மூச்சு வாங்கியது. "மூ…ட்…டை. கி…டை…க்…கு…ம்."

அவன் தோள் குலுங்கியது. சத்தம் வந்துவிடக் கூடாதே என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, இன்னொரு கையின் ரெண்டு விரலை அகட்டிக் காட்டினான். அப்புறம் அதைச் சுருக்கிக் காட்டினான். நீட்டாதே, குறுக்கு.

"முட்டை!" என்றேன். நாட்டுக்கோழியை மூட்டை கட்டி விற்பார்களா என்ன! ரெண்டு கிழவர்களும் காருக்குள்ளே சத்தமில்லாமல் சிரித்தோம்.

டாக்டர் நல்ல திட்டுத் திட்டினார். இன்னும் ஒரு மாதம் பேசக் கூடாது என்றார். அந்த மாதம் பூராவும் சாயங்காலமானால் அவன் வீட்டுக்குப் போய் நான்தான் பேப்பர் வாசித்தேன். ஒரு தலைப்புச் செய்திக்குள் டீ ஆறிவிடும். தப்பானால் விரலை நீட்டுவான், சுருக்குவான். என்னை மாதிரி வேகமாகக் கற்றுக்கொண்ட ஆள் இந்த வயசில் எவனும் இருக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதையும் என் கையால்தான் எழுதுகிறேன். திருத்தித் தருகிறேன் என்றான், விடவில்லை.

அவன் குரல் திரும்பிவிட்டது, அடியில் லேசாக ஒரு கரகரப்போடு. மறுபடியும் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போகிறான். ஆனால் என்னோடு வரும்போது இப்போது எந்தப் போர்டையும் படிப்பதில்லை, நான் எழுத்துக் கூட்டி முடிக்கிற வரைக்கும் நின்று வருகிறான். என் கண்ணை நம்பியே மேலே வந்தவன் என்று இப்போதும் கல்யாண வீடுகளில் சொல்ல வாய் எடுப்பேன். அப்போதெல்லாம் அந்தக் கிழிந்த குரல் காதில் கேட்டு, அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கூட்டத்தில் தேடிக்கொண்டிருப்பேன்.