தூக்குவாளிக்குள் உயிர்

எண்பதுகளில் ஒருநாள், முத்தியால்பேட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட மில் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியைத் திறந்து காற்றுக் காட்டினார். மீன் கொண்டுபோகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீரும் கூழாங்கற்களும்தான் இருந்தன.

“மீன் எங்கங்க?”

“மீனு அப்பறந்தான். ஊட்டுல புதுத் தொட்டி வச்சிருக்கேன். இப்பவே உட்டா செத்துடும். இது பழைய தொட்டிக் கல்லு. இதுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு. அதுங்கதான் மீனோட அழுக்கத் தின்னு தண்ணிய நல்லதாக்கும்.”

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். மனிதர் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கைகளாலும் வாளியை அணைத்துக்கொண்டார். நெற்றி முன்சீட்டில் மோதி ரத்தம் வந்தது. பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினேன். அதை வாங்கி வாளியின் விளிம்பைத் துடைத்தார்.

“நல்லவேள, கொட்டலீங்க.”

அவர் இறங்கியபோது, தேருக்கு ஒதுங்குவதுபோல எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.