போர்வைக்கு வெளியே ஒரு கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் நடந்தது இது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, புத்தூர் பக்கத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போவேன். காலை பதினொரு மணிக்கு இடது கையில் இரண்டு ஊசி குத்தி மிஷினோடு இணைத்தால், மூன்று மணிக்குத்தான் விடுவார்கள்.

வியாதியைவிட என்னை வாட்டியது தூக்கமின்மைதான். வீட்டில் படுத்தால் காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். உடம்பு அரிக்கும். நாக்கு வறண்டாலும் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. ஆனால் அந்த வார்டு ஏ.சி.யில், மிஷின் ஓடும் சத்தத்தில், கண்ணைச் சொக்கும். அந்த நாலு மணி நேரத் தூக்கத்துக்காகவே டயாலிசிஸுக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதைக் கெடுக்கவென்றே பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். சந்திரகிரிக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அவளுக்கும் இதே வியாதி. நான் கண்ணை மூடினால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

“தூங்காதக்கா. இங்க தூங்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிக்கினு கெடப்ப. கைய வேற உள்ள வெச்சிக்கினு கீற.”

ஊசி குத்திய கை போர்வைக்கு வெளியே தெரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். சுவரில் தெலுங்கில் எழுதியே மாட்டியிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. சிஸ்டர்கள் வாயாலும் சொன்னார்கள்தான். எனக்கிருந்த குளிரில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், “உன் வேலைய பாத்துக்கினு இரும்மா” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கட்டிலை மாற்றித் தரச் சொல்லி சிஸ்டரிடம் சண்டையும் போட்டேன். அடுத்த முறை மாற்றுவதாகச் சொன்னார். அவள் முகத்தையே பார்க்கக் கூடாதென்று போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போனேன்.

போர்வையை யாரோ உருவியபோதுதான் விழித்தேன். அவள்தான். தன் மிஷினை விட்டு இறங்க முடியாமல், ஊசி இல்லாத கையால் எட்டி இழுத்துக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். என் கையில் ஓர் ஊசி கழன்றிருந்தது. மெத்தை நனைந்து கட்டிலுக்குக் கீழே ரத்தம் சொட்டியது. ஓடிவந்து மிஷினை நிறுத்தி, கையை அழுத்திப் பிடித்தார்கள். நான் பேசிய பேச்சுக்கு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், அன்றைக்குப் பிணமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த முறை மூலையில் வேறு கட்டில் தயாராக இருந்தது. எனக்குப் பழைய கட்டில்தான் வேண்டும் என்றேன்.

“நான் தூங்க வுடமாட்டனேக்கா” என்று சிரித்தாள்.

“வுடாத” என்றேன்.

அன்றிலிருந்து பகலில் தூங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். சும்மா எப்படி விழித்திருப்பது? சுவரிலிருந்த பலகையைக் காட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். நாற்பத்திரண்டு வயதில் நான் முதன்முதலாகத் தெலுங்கில் படித்த வரி, கையை வெளியே வைக்கச் சொல்லும் அந்த வரிதான். கண் செருகினால் “அக்கா” என்று ஓர் அதட்டல் போடுவாள். முதல் மாதம் பகலும் தூக்கமில்லை, ராத்திரியும் இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நானும் விடவில்லை. அதுவரை சொல்லாமல் வைத்திருந்த கால் தொல்லையை டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கினேன். மெல்ல மெல்ல ராத்திரியில் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று தூக்கம் வந்தது.

இன்றைக்கும் பக்கத்துக் கட்டில் அவளுடையதுதான். வீட்டில் படுக்கும்போதுகூட என் இடது கை தானாகப் போர்வைக்கு வெளியே வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும், நான் திட்டிய பிறகும் என்னைக் கவனித்துக்கொண்டு விழித்துக் கிடந்தவளின் நினைவு வரும், அந்தத் தைரியத்தில்தான் கண்ணை மூடுகிறேன்.