கொசுவண்டிக்காரி மாரிக்கனி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெரு. கொசு மருந்துப் புகை வண்டி கடைசியாக எப்போது வந்தது என்று அங்கே யாருக்கும் நினைவில்லை. மாரிக்கனியின் கார் வர ஆரம்பித்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. வெள்ளைக் கார் முக்கில் திரும்பும்போதே ஜன்னல்களைத் திறந்து வைத்துவிடுவார்கள். நீலம் கலந்த புகை ஒவ்வொரு வீட்டையும் விசாரித்துவிட்டுப் போகும்.

“அக்கா, எங்க சந்துக்குள்ளயும் ஒரு ரவுண்டு வந்துட்டுப் போங்க” என்றார் கடைசி வீட்டுக்காரர். அவர் கிண்டல் செய்யவில்லை.

“பெட்ரோல் போட்டுக் குடுங்க, வாரேன்” என்று மாரிக்கனி சிரித்தார். கண்ணாடியில் பின்னால் போகும் புகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

இந்த நாட்டுப் பெண்களின் உண்மையான தேசிய உடை நைட்டிதான். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் மளிகைக் கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றுக்கும் அது செல்லும். தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளை வாங்கி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை கடையாகப் போடுவது மாரிக்கனியின் தொழில். முன்பெல்லாம் மூட்டையோடு பஸ்ஸில் போனார். நைட்டி மூட்டைக்கு டிக்கெட் உண்டா என்பதில் ஒவ்வொரு கண்டக்டருக்கும் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டங்களையெல்லாம் கேட்டு அலுத்து, நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். நாலு கை மாறிய பழைய கார் ஒன்றை வாங்கினார். பின் சீட்டை மடக்கினால் ஒரு தெருவுக்கே உடுத்திவிடும் அளவுக்குச் சரக்கு ஏறும்.

கார் மனைவியுடையது. அதன் பராமரிப்புத் துறை கணவர் ஐயாதுரையிடம் இருந்தது. ஐயாதுரை பட்டாளத்தில் இருந்து வந்தவர். அங்கே லாரி ஓட்டினார் என்று தெரு முழுக்க நம்புகிறது. அவர் அதை மறுத்ததில்லை. உண்மையில் அவர் இருந்தது சமையற்கூடத்தில். நூறு பேருக்குக் குருமா வைத்த கை.

பட்டாளத்திலிருந்து அவர் இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, வண்டியை எப்போதும் புறப்படும் திசையில் முகம் காட்டி நிறுத்த வேண்டும், எதிரி எந்த நேரத்திலும் வரலாம். ராஜபாளையத்தில் அவர்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ரோடு வளர்ந்துவிட்டது, வீடுகள் குட்டையாகிவிட்டன. ஆகவே காரின் பின்பக்கம் பள்ளமான வாசலிலும் மூக்கு ரோட்டின் மேலும் இருக்கும். மலையைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி தெரியும். இரண்டாவது பழக்கம், காலை அணிவகுப்பு. பல் தேய்த்ததும் பானெட்டைத் திறந்து, இஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியை உருவி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கம்பியில் இரண்டு கோடுகள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கும்.

“குடிச்சிருச்சுட்டி” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். ஊற்றுவார். மறுநாளும் கம்பி காய்ந்திருக்கும். மறுபடியும் ஊற்றுவார்.

வண்டி ஆயில் குடிக்கிறது என்ற செய்தி பரவியதும் வைத்தியர்கள் கிளம்பினார்கள். கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் ஏதோ டப்பா மருந்தைச் சிபாரிசு செய்தார். சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத ஒருவர், வண்டியின் ஜாதகத்தையே மாற்ற வேண்டும் என்றார்.

மெக்கானிக் சேக் முகைதீன் மட்டும் நிதானமாகக் கேட்டார். “ஆயில் எம்புட்டும்மா எறங்குது?”

“தினமும் எறங்குது பாய். அவிய தினமும் ஊத்துதாவ.”

“ரிங் தேஞ்சிருந்தா இஞ்சினைப் பிரிக்கணும். பிரிச்சா செலவு வண்டி வெலையைத் தாண்டிரும். அதுக்கு முன்னாடி சின்னச் சின்ன சோலியெல்லாம் பாத்துருவோம். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க.”

“ரெண்டு நாள் விட்டா நான் என்னத்தை ஓட்ட?” என்று மாரிக்கனி கிளம்பிவிட்டார்.

நிலைமை முற்றியது மெகராஜ் பேகத்தின் கடையில். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரிக்கனியிடம் அதிகம் சரக்கெடுப்பவர் அவர்தான். ஒரு நைட்டியை எடுத்து மாரிக்கனியின் மூக்கருகே நீட்டினார்.

“மோந்து பாரு. இது நைட்டியா, லாரி டிரைவர் துண்டா?”

“வெயில்ல காயப்போட்டுக் கொண்டாரேங்க்கா.”

“நீ யாவாரம் பண்ணுதியா, சலவைக்கடை வச்சிருக்கியா? தீபாவளிச் சரக்கு இந்த வாடையோட வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுவேன். பொறவு கோவிச்சுக்கிடாத.”

அந்தக் கடை போனால் பாதித் தொழில் போனது மாதிரி. மாரிக்கனி அன்று இரவே முடிவெடுத்தார். பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கும் ஒருவருக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் அவர். மறுபடி மூட்டை, பஸ், கண்டக்டர் சட்டம். மறுநாள் காலையில் ஐயாதுரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார். போகிற உயிருக்குப் பால் ஊற்றுகிற மாதிரி.

அந்த வாரம் சுந்தரபாண்டியத்தில் அவர் தங்கை வீட்டில் காதுகுத்து. சமையல் ஐயாதுரை இல்லாமல் நடக்காது. “நான் வார வரைக்கும் கம்பியைப் பாத்து ஊத்து, மறந்துறாத” என்று கட்டளையிட்டுவிட்டுப் போனார். மாரிக்கனி மறந்துவிட்டார். தீபாவளி அவசரத்தில் அவருக்குச் சாப்பாடே மறந்துபோனது.

ஞாபகப்படுத்தியவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைசி வீட்டுக்காரர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏமாந்து நின்றார்.

“என்னக்கா, ரெண்டு மூணு நாளா புகையே பத்தலை? ராத்திரி தூங்க முடியலக்கா.”

புகை இல்லையென்றால் எரிய ஆயில் இல்லை. ஆயில் இல்லையென்றால் இஞ்சின் இறுகி, உடைப்பவர்கூட வாங்க மாட்டார். மாரிக்கனி மெகராஜ் பேகம் கடை முன்னால் சிமெண்ட் தளத்தில் காரை நிறுத்தி, சூடு கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, கம்பியை உருவினார்.

ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே உயரம். வீட்டுக்கு ஓட்டிவந்து, வழக்கம்போல மூக்கை ரோட்டில் ஏற்றி நிறுத்தி, பொறுத்திருந்து பார்த்தார். கம்பி காய்ந்து கிடந்தது. காரை முழுக்க ரோட்டில் ஏற்றி, தெருவோரமாகச் சமமாக நிறுத்திப் பார்த்தார். மேல்கோடு. சரிவில் நின்ற வண்டிக்குள் ஆயில் பின்பக்கமாகப் போய் ஒதுங்கியிருக்கிறது. முன்பக்கம் இருக்கும் கம்பிக்கு அது எட்டவே இல்லை. கார் ஆயிலைக் கேட்டுக் குடிக்கவில்லை. வாய் கொள்ளாமல் ஊட்டியதைப் புகையாகக் கக்கியிருக்கிறது.

மாரிக்கனி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பிறகு, காரை மறுபடி வாசலில் பழையபடியே நிறுத்திவிட்டு, இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐயாதுரை கறிச் சட்டியோடு வந்தார். சட்டியை இறக்குவதற்கு முன்பே பானெட்டைத் திறந்தார்.

“ஏட்டி! கம்பி காஞ்சு கெடக்கு. சொன்னனா இல்லையா?”

“ஊத்தாதிய. செத்த நேரம் பொறுங்க.”

மாரிக்கனி காரை எடுத்துச் சமதளத்தில் நிறுத்தினார். ஆயில் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஐயாதுரை கம்பியை உருவினார். துடைத்தார், மறுபடி உருவினார்.

“யார் ஊத்துனா?”

“நீங்கதான். போன வாரம் ஊத்துனது.”

ஐயாதுரை வாசல் பள்ளத்தைப் பார்த்தார். ரோட்டு மேட்டைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். பட்டாளத்துக்காரருக்கு வரைபடம் புரிந்துவிட்டது.

“அப்போ எதிரி நான்தானா?” என்றார் மெதுவாக.

“எதிரி எங்க? விருந்தாளி போதும் போதும்னாலும் விடாம பரிமாறுவியள்லா, அந்தக் கதைதான்.”

“வண்டி சாகலையாட்டி அப்போ?”

“சாகலை. செரிக்கலை, அம்புட்டுதான்.”

பத்து மணிக்கு உடைப்பவர் வந்தார். “பொகை வண்டி இதுதானா?” என்று அலட்சியமாக டயரை உதைத்தார்.

“ஏலே, காலை எடு” என்றார் ஐயாதுரை. “பொகை வண்டியில இல்ல, வாசல்ல இருந்துச்சு. வாசலை வேணும்னா எடுத்துட்டுப் போ.” வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. கறியும் சோறும் போட்டு அனுப்பி வைத்தார்கள்.

சேக் முகைதீன் கூடுதல் ஆயிலை வடித்தார். ஆயில் ஏறி அடைத்திருந்த மூச்சுக் குழாயைக் கழுவினார். கசிந்த ஒரு கேஸ்கெட்டையும் மாற்றினார். “பழைய வண்டிம்மா, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். சமமா நிறுத்திப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா கையை வைக்காதிய” என்று, ஐயாதுரையைப் பார்க்காமல், ஐயாதுரைக்குச் சொன்னார்.

தீபாவளிச் சரக்கு இறங்கியது. மெகராஜ் பேகம் முதல் கட்டிலிருந்து ஒன்றை உருவி மோந்தார். அடியிலிருந்து இன்னொன்றையும் உருவி மோந்தார். குறை கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது. “கஞ்சி வாடை மட்டுந்தான் வருது. இன்னும் ரெண்டு கட்டு கொண்டா” என்றார். கடைசி வீட்டுக்காரர் கொசுவலை வாங்கிவிட்டார்.

ஐயாதுரை இப்போது காலையில் மனைவியோடு முன் சீட்டில் ஏறி, பெட்ரோல் பங்க்கின் சமதளம் வரை போகிறார். காத்திருந்து கம்பியைப் பார்க்கிறார். ஊற்றாமல் மூடுகிறார். பரிமாறியே பழகிய கைக்கு அது சாதாரண வேலையில்லை. வாரக்கணக்கில் அப்படியே போய், ஒருநாள் ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. டின்னைத் திறந்து ஊற்றினார், நிறுத்தினார், பார்த்தார், இன்னும் இத்தனூண்டு ஊற்றினார்.

“போதும்ங்க” என்றார் மாரிக்கனி.

“தெரியும்ட்டி. எனக்குப் பதம் தெரியும்” என்று டின்னை மூடினார் ஐயாதுரை.