கடலுக்குள் கூப்பிட்ட இடாப்பு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாகக் கரையோரப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அந்த வருடம் என் கையில் தந்தது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. ஒருவருக்கும் வேண்டாத வகுப்பு. வரவு குறிக்கிற இடாப்பில் முப்பத்தொரு பெயர் இருந்தது, முதல் வாரம் வந்தது பதினான்கு பேர். மற்றவர்கள் தகப்பனோடு கடலுக்கோ, தாயோடு கருவாடு காயவைக்கவோ போய்விடுவார்கள். பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். கயூரனின் தகப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "படிச்சு என்ன சேர், கடல் சேட்டிபிக்கற் கேக்குமே?" என்றார். நான் விடவில்லை. ஆறு தரம் போனேன். ஏழாம் தரம் போக முதல் அவரே மகனைச் சைக்கிளில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டார்.

வருடக் கடைசி நாள் சுவர்ப் படங்களைக் கழற்றி, மேசைகளைக் கழுவி, அலுமாரிக்குள் இருந்த குளவிக்கூட்டைத் தட்டி எல்லாம் முடித்துவிட்டு, இடாப்பை அதிபரிடம் ஒப்படைக்க முதல் ஒருக்கால் விரித்துப் பார்த்தேன். வராத பிள்ளைக்குச் சுழி போடுவோம். கடைசி மாதப் பக்கத்தில் ஒரு சுழிகூட இல்லை. நம்பினால் நம்புங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரமும் பார்த்தார்.

அடுத்த நாள் விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிற நவம் மாஸ்ரரும் நானும் புறப்பட்டோம். காங்கேசன்துறையில் கடல் குளித்து, கீரிமலை நன்னீர்க் கேணியில் உப்பைக் கழுவிவிட்டு வருவதாகத் திட்டம். நேரம் காலை பத்து மணி, நல்ல வெயில். நவத்துக்கு நீந்தத் தெரியாது, நிழலில் இருந்துகொண்டார். நான் நன்றாக நீந்துவேன், அந்தத் துணிவில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன்.

நீரோட்டம் எப்போது பிடித்தது என்று தெரியாது. திரும்பினால் கரை இல்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்ய, அலை ஏறி இறங்க, எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் கடல் என்று பிடிபடவில்லை. கை சோர்ந்தது. வாய்க்குள் தண்ணீர் போனது. கத்தக்கூட முடியவில்லை. இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டது. "வந்திட்டன் சேர்."

அது என் வகுப்பு அனிஸ்ரா இடாப்புக்கு மறுமொழி சொல்கிற மூக்கடைத்த குரல். அடுத்தது உடைந்துகொண்டிருக்கும் கயூரனின் குரல். பிறகு, எப்போதும் 'சே...ர்' என்று இழுக்கிற வதனி. இடாப்பு வரிசை பிசகாமல் ஒவ்வொருவராக, எனக்கு இடது பக்கத்திலிருந்து. நான் யோசிக்கவில்லை, குரல் வந்த பக்கம் நீந்தினேன். எண்ணிக்கொண்டே நீந்தினேன். முப்பத்தொன்று கேட்கும்போது முழங்கால் மண்ணில் முட்டியது.

கரையில் ஒரு பிள்ளையும் இல்லை. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பெருமை. என் பிள்ளைகள் ஒருவர் தப்பாமல் வந்திருந்தார்கள்.

நவம் ஓடிவந்தார். "என்ன காணும், விசரே உமக்கு? கடலுக்கை நிண்டு இடாப்புக் கூப்பிடுறீர்!"

"நான் வாயே திறக்கேல்லை."

"ஆருக்குக் கதை விடுறீர்? உம்மடை வகுப்புக் குரலிலை ஒண்டொண்டாக் கூப்பிட்டனீர். அனிஸ்ரா, கயூரன், வதனி... முசுப்பாத்தி எண்டு நான் சிரிச்சுக்கொண்டு இருந்தனான்."

"பிள்ளையள் மறுமொழி சொன்னது கேட்டதோ?"

"எந்தப் பிள்ளையள்?"

தண்ணீர் குடித்தவனின் மூளை செய்த வேலை என்று என் காதுக்குக் காரணம் சொல்லிவிடலாம். நிழலில் சும்மா இருந்த நவத்தின் காதுக்கு என்ன காரணம் சொல்வது? என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

எப்படியோ கீரிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். கேணிப் படியில் கழுத்தளவு தண்ணீரில் இருந்தபோது நவம் மெல்லக் கேட்டார்.

"கடைசிப் பெயரை மட்டும் ஏன் ரண்டு தரம் கூப்பிட்டனீர்?"

"எந்தப் பெயரை?"

"உம்மடை பெயரைத்தான்."

அவரே சொன்னார்: "முதல் தரம் கூப்பிட்டதுக்கு மறுமொழி இல்லை. ரண்டாந்தரம் கூப்பிடேக்கை நீர் மண்ணிலை முழங்காலிலை நிண்டனீர். சின்னப் பெடியன் மாதிரிக் கையைத் தூக்கி, 'வந்திட்டன் சேர்' எண்டு சொன்னனீர்."

அப்படிச் சொன்னதாக எனக்கு இன்றுவரை நினைவில்லை.